நீண்ட ஓட்டம் ஓடிய பிக்கப்பை வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய பிக்கப் வாங்குவது பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலானவை இரண்டு லட்சம் கிலோமீட்டரை நெருங்கிய அல்லது தாண்டிய டீசல் வண்டிகளைப் பற்றியவை. பெட்ரோல் வண்டிக்கான பதில் மாறும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: ஒரே மாடலில், ஒரே வயதில் இரண்டு வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2,60,000 கி.மீ. ஓடியது, மற்றது 1,30,000 கி.மீ. ஓடியது. குறைவாக ஓடியதை எடுப்பதுதானே புத்திசாலித்தனம்?

பதில்: அவசரப்பட வேண்டாம். எத்தனை கிலோமீட்டர் என்பதோடு, எத்தனை மணி நேரத்தில் என்பதையும் கேளுங்கள். பல வண்டிகளில் எஞ்சின் ஓடிய மணி நேரம் கணினியில் பதிவாகியிருக்கும். நல்ல ஸ்கேனர் அதை எடுத்துக் காட்டும். 2,60,000 கி.மீ. ஓடிய வண்டி 5,200 மணி நேரம் இயங்கியிருந்தால் சராசரி வேகம் மணிக்கு 50 கி.மீ. நெடுஞ்சாலையில் சீராக ஓடிய வண்டி என்று அர்த்தம். 1,30,000 கி.மீ. ஓடியது 6,500 மணி நேரம் இயங்கியிருந்தால் சராசரி 20 கி.மீ. தான். நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு, ஏசி போட்டு, சரக்கு ஏற்றி இறக்கி, நெரிசலில் ஊர்ந்த வண்டி அது. எஞ்சின் தேய்மானத்தைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் அதிகம் உழைத்தது.

அடிக்கடி நிறுத்தி எடுக்கப்படும் டீசல் எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்விலும், காற்று உள்ளே போகும் இன்டேக் பாதையிலும் கரி படியும். எரியாத டீசல் கசிந்து ஆயிலை நீர்க்கச் செய்யும். கிளட்ச், ஸ்டார்ட்டர், பிரேக் எல்லாம் கிலோமீட்டர் கணக்கை மீறித் தேயும்.

அடுத்து சர்வீஸ் பதிவுகள். முத்திரையை மட்டும் பார்க்காமல், தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். 10,000 கி.மீ. இடைவெளியில் வந்துகொண்டிருந்த ஆயில் மாற்றம் நடுவில் 40,000 கி.மீ. காணாமல் போயிருந்தால், அந்த இடைவெளிக்கு விற்பவரிடம் விளக்கம் கேளுங்கள். பதிவு முழுமையாக உள்ள 2,60,000 கி.மீ. வண்டியையே நாங்கள் தேர்ந்தெடுப்போம். சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், நன்றாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

கேள்வி: மீட்டரைக் குறைத்து வைத்திருக்கிறார்களோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பிரேக், கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டீயரிங் வீலின் மேல்பகுதி, ஓட்டுநர் இருக்கையின் கதவுப் பக்க ஓரம், கியர் குமிழ் ஆகியவற்றைப் பாருங்கள். 90,000 கி.மீ. என்று சொல்லும் வண்டியில் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கக் கூடாது. மற்றதெல்லாம் பழையதாக இருக்கப் பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். சில வண்டிகளில் ஏ.பி.எஸ்., கியர்பாக்ஸ் போன்ற தனிக் கணினிகளிலும் கிலோமீட்டர் பதிவாகும். அவற்றை மாற்ற மறந்துவிடுவார்கள். எஞ்சின் அறையிலும் கதவுத் தூணிலும் ஒட்டிய பழைய ஆயில் மாற்ற ஸ்டிக்கர்களையும் தேடுங்கள்.

கேள்வி: வண்டியைப் பார்க்கப் போகும்போது முதலில் எதைப் பார்ப்பது? எல்லோரும் எஞ்சினைத்தான் சொல்கிறார்கள்.

பதில்: சேஸிஸை. எஞ்சினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். துருப்பிடித்த அல்லது வளைந்த சேஸிஸை மாற்றுவது என்றால் வண்டியையே பிரித்துக் கட்டுவதற்குச் சமம். எனவே பானட்டைத் திறப்பதற்கு முன்பே தரையில் ஒரு சாக்கை விரித்துக் கீழே படுங்கள். கையில் நல்ல டார்ச், சின்னச் சுத்தியல், தட்டையான ஸ்க்ரூடிரைவர் போதும்.

துரு முதலில் வருவது சேறும் ஈரமும் தங்கும் இடங்களில்: பின் அச்சுக்கு மேலே சேஸிஸ் வளையும் பகுதி, கமான் பட்டையின் முன் தாங்கியும் பின் ஷாக்கிளும் பொருத்தப்பட்ட இடங்கள், ஸ்டெப்னி தொங்கும் குறுக்குச் சட்டம், கேபின் மவுண்ட் ரப்பர்களுக்கு அடியில். மேற்பரப்புத் துரு பயப்பட வேண்டியதல்ல. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் கெட்டியான இரும்பு தெரியும். சுத்தியலால் தட்டும்போது கணீரென்ற ஒலி வந்தால் நல்லது. மந்தமான ஒலி வந்தால் அங்கே இரும்பு அடுக்கடுக்காக உரிந்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனால் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

பெட்டி வடிவச் சேஸிஸ் உள்ளிருந்து துருப்பிடிக்கும். பக்கவாட்டில் உள்ள வட்டத் துளைகள் வழியாக எண்டோஸ்கோப் கேமராவை விட்டுப் பாருங்கள். அடியில் மட்டும் அப்போதுதான் அடித்ததுபோல் கறுப்புப் பூச்சு பளபளத்தால், அது எதை மறைக்கிறது என்று சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

பெயர்பெற்ற நிறுவனத்தின் வண்டி என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். அமெரிக்காவில் டகோமா, டன்ட்ரா, செக்வோயா மாடல்களில் சேஸிஸ் துருப் பிரச்சினைக்காக டொயோட்டா மீது வழக்குத் தொடரப்பட்டு, 2016-ல் சமரசம் ஏற்பட்டது. ஏறக்குறைய 15 லட்சம் வண்டிகள் அதில் அடங்கின. மிகவும் அரித்துப்போன சேஸிஸை மாற்றித் தரவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது.

அடுத்து வளைவு. சமதளத்தில் வண்டியை நிறுத்திக் கேபினுக்கும் சரக்குத் தொட்டிக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம் இருக்க வேண்டும். மேலே அகன்று கீழே குறுகியிருந்தால், பின்புறத்தில் அளவுக்கு மீறிய பாரம் ஏற்றியோ கனமான டிரெய்லர் இழுத்தோ சேஸிஸின் வால்பகுதி தொங்கிவிட்டது. கமான் பட்டைக்கு உதவியாகக் காற்றுப் பை வைத்த டபுள் கேப் வண்டிகளில் இதைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். பட்டை தன் இரு முனைகளிலும் பகிர்ந்து தாங்கவேண்டிய எடையை, காற்றுப் பை சேஸிஸின் நடுவே ஒரே புள்ளியில் ஏற்றிவிடும்.

கேள்வி: பின்பக்கம் கொஞ்சம் உயரமாக நிற்கிறது. பட்டை கூடுதலாகப் போட்டதாகச் சொல்கிறார்கள். அது வசதிதானே?

பதில்: கூடுதல் பட்டை எதற்காகப் போட்டார்கள் என்பதே அந்த வண்டியின் வரலாறு. கமான் பட்டைகளை எண்ணி, அந்த மாடலுக்கு நிறுவனம் கொடுத்த எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். கூடுதலாக இருந்தால் அது தாங்கும் அளவுக்கு மேல் சரக்கு சுமந்த வண்டி என்று எடுத்துக்கொண்டு, பின் அச்சு, வீல் பேரிங், பிரேக், கிளட்ச் ஆகியவற்றை அதற்கேற்ற கண்டிப்போடு சோதியுங்கள். பட்டை சேர்ப்பதால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட எடை கூடிவிடாது. அச்சும் டயரும் பிரேக்கும் பழையவையே.

சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு பக்கப் பட்டை ஓய்ந்திருக்கும் அல்லது உடைந்திருக்கும். நடு போல்ட் இருக்கும் இடத்தில் மயிரிழை விரிசலைத் தேடுங்கள். தொட்டியின் உள்விரிப்பு பிளாஸ்டிக்கைத் தூக்கித் தரையையும் பாருங்கள்.

கேள்வி: விற்பவர் நான் போகும்போதெல்லாம் எஞ்சினைச் சூடாக்கி ஓடவிட்டு வைத்திருக்கிறார். "உங்களுக்குக் காத்திருக்க வேண்டாமே" என்கிறார்.

பதில்: முந்தைய இரவிலிருந்து தொடாத எஞ்சினைத்தான் பார்ப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சின் மேல் கைவைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள். தேய்ந்த டீசல் எஞ்சின் தன் குறைகளைக் காட்டுவது குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான். சூடேறிய பிறகு பாதி மறைந்துவிடும்.

ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்கட்டும். வெள்ளைப் புகையில் டீசல் நெடி கண்ணை எரித்தால் குளோ பிளக் (ஸ்டார்ட்டின்போது சிலிண்டரைச் சூடாக்குவது), இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சுவது) இவற்றில் கோளாறு, அல்லது கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) குறைவு. வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோடு, எஞ்சின் சூடேறிய பிறகும் நிற்காமல் வந்தால் கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறது. ஸ்டார்ட்டில் மட்டும் சில நொடிகள் நீலப் புகை வந்தால் வால்வு சீல். பாரத்தில் மிதிக்கும்போதெல்லாம் நீலம் வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது டர்போ. கறுப்புப் புகைக்குப் பெரும்பாலும் இன்ஜெக்டர், அடைத்த ஏர் ஃபில்டர், டர்போ குழாயில் காற்றுக் கசிவு இவற்றில் ஒன்று காரணம், இவை சரிசெய்யக்கூடியவை. ஸ்டார்ட் ஆனவுடன் முன்பக்கத்தில் ஓரிரு நொடி சலசலத்து அடங்கினால் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைக் கவனியுங்கள்.

அடுத்தது பேக் கம்ப்ரஷன். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதைத் தலைகீழாகத் துளையின் மேல் வையுங்கள். லேசாக அதிர்வது இயல்பு. துள்ளிக் கீழே விழுந்தாலோ, புகை விட்டு விட்டுப் பீறினாலோ சிலிண்டரிலிருந்து வாயு ரிங்குகளைத் தாண்டி, எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் சம்புக்கு இறங்குகிறது. சில எஞ்சின்களில் மூடிக்கு அடியில் தடுப்புத் தகடு இருக்கும். அங்கே இந்தச் சோதனை ஏமாற்றும். அப்போது ஆயில் கேஜ் கம்பியை உருவி, அந்தக் குழாயில் புகை வருகிறதா என்று பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். எண்ணை அந்த எஞ்சினுக்கான கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட வேண்டும். அதைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கிடையே உள்ள வித்தியாசம். நான்கும் ஒரே அளவில் சற்றுக் குறைந்திருந்தால் வயதுக்கேற்ற தேய்மானம். ஒன்று மட்டும் 10 சதவீதத்துக்கு மேல் கீழே இருந்தால் அந்தச் சிலிண்டரில் வால்வோ ரிங்கோ பிஸ்டனோ சேதம். குளோ பிளக்குகளைக் கழற்றி எடுக்க வேண்டியிருப்பதால் விற்பவர் தயங்கலாம், நியாயம்தான். பழைய குளோ பிளக் உள்ளேயே முறிந்துவிடும் ஆபத்து உண்டு. அதற்கு மாற்றாக, ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்னோட்டத்தை வைத்து ஒப்பீட்டுக் கம்ப்ரஷன் காட்டும் கருவிகள் உள்ளன. பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அளப்பது எளிது. தயங்கக் காரணமே இல்லை.

ஆயில் மூடியின் அடியில் பால்போன்ற பசை இருந்தால் உடனே ஹெட் கேஸ்கட் போய் ஆயிலில் கூலன்ட் கலந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் ஈரம் அங்கே உறையும். கேஜ் கம்பியிலும் அதே நிறம் இருந்தால்தான் கவலை.

கேள்வி: டைமிங் பெல்ட் மாற்றினார்களா என்று தெரியவில்லை. எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. நம்பலாமா?

பதில்: விளக்கை நம்ப வேண்டாம். பெல்ட்டை மாற்றாமலேயே அதை ரீசெட் செய்ய முடியும். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் எஞ்சினில் வால்வுகளை நேரப்படி இயக்க இருப்பது பெல்ட்டா செயினா என்று தெரிந்துகொள்ளுங்கள். டொயோட்டாவின் பழைய 3.0 லிட்டர் 1கேடி எஞ்சினில் பெல்ட். 2015-க்குப் பிறகு வந்த 1ஜிடி-யில் செயின். மிட்சுபிஷியின் 4டி56 எஞ்சினில் இரண்டு பெல்ட்டுகள் உண்டு. அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட்டை ஓட்டும் சின்னப் பெல்ட் அறுந்தால், அதன் நார்கள் பெரிய பெல்ட்டில் சிக்கி அதையும் இழுத்துவிடும். வால்வுகள் பிஸ்டனில் மோதும். எனவே இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். டென்ஷனர், ஐட்லர் பேரிங், வாட்டர் பம்ப் எல்லாம் ஒரே தடவையில் போட்டுவிடுங்கள், கூலி ஒன்றுதான்.

1கேடி எஞ்சினில் இன்னொன்றும் பாருங்கள். இன்ஜெக்டரின் அடியில் உள்ள செப்பு சீட்டில் கசிவு வந்தால், எரிந்த வாயு வால்வு அறைக்குள் ஏறி ஆயிலைத் தார்போல் கெட்டியாக்கும். அது சம்புக்குள் இருக்கும் ஆயில் ஸ்ட்ரெய்னரை (சல்லடையை) அடைத்தால் பேரிங்குகளுக்கு ஆயில் போகாது. ஆயில் சம்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரைப் பார்ப்பதுதான் உறுதியான வழி. ஃபோர்டு ரேஞ்சரின் 2.2, 3.2 லிட்டர் டீசல் எஞ்சின்களில் ஆபத்து வேறு வகை: ஆயிலை வடியவிட்டு நீண்ட நேரம் விட்டால் ஆயில் பம்ப் வறண்டு, மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது ஆயிலை இழுக்காமல் போகலாம். 10 நிமிடத்துக்குள் புது ஆயிலை ஊற்றிவிட வேண்டும். அந்த வண்டிக்கு யார் சர்வீஸ் செய்தார்கள் என்பது அதனால் முக்கியமாகிறது.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை இதுவரை மாற்றவே இல்லையாம். இப்போது மாற்றினால் கியர்பாக்ஸ் கெட்டுவிடும் என்கிறார்களே?

பதில்: ஆயில் மாற்றியதால் நல்ல கியர்பாக்ஸ் கெடுவதில்லை. ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருப்பதுதான், மாற்றிய சில நாளில் முழுதாக நின்று ஆயில்மேல் பழி போடுகிறது. ஆகவே முதலில் ஓட்டிப் பாருங்கள். டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றினால் ஒரு நொடிக்குள் பிடிக்க வேண்டும். இரண்டு நொடிக்கு மேல் தயங்கினாலோ, கியர் மாறும் நடுவே எஞ்சின் வேகம் மட்டும் எகிறினாலோ வாங்க வேண்டாம். மணிக்கு 60 முதல் 80 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டு ஓட்டும்போது, வரிப்பள்ளம் போட்ட சாலையில் போவதுபோல் நடுங்கினால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் லாக் சரியாகப் பிடிக்கவில்லை. பழைய ஆயிலால் வரும் நடுக்கம் மாற்றினால் போய்விடும்; தேய்மானத்தால் வருவது போகாது.

நன்றாக ஓடி, ஆயில் கருத்திருந்தாலும் தீய்ந்த வாசனை இல்லையென்றால் மாற்றலாம். வடிகட்டும்போது உள்ளே இருப்பதில் பாதிக்கும் குறைவே வெளியே வரும். மீதி கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கும். எனவே வடித்து, அதே அளவு ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி செய்யுங்கள். மூன்று சுற்றில் ஆயில் பெரும்பாலும் புதிதாகிவிடும்.

ரேடியேட்டருக்குள்ளேயே கியர் ஆயில் கூலர் இருக்கும் வண்டிகளில், எஞ்சின் ஆறிய பிறகு கூலன்ட் தொட்டியையும் கியர் ஆயிலையும் பாருங்கள். எதிலாவது இளஞ்சிவப்பு நுரை இருந்தால் இரண்டும் கலந்துவிட்டன. கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பூச்சைக் கூலன்ட் உரித்துவிடும் என்பதால் அந்தக் கியர்பாக்ஸை நம்பி வாங்கக் கூடாது.

கேள்வி: நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கீழே ஒரு நடுக்கம். வேகம் எடுத்ததும் போய்விடுகிறது.

பதில்: நீளமான பிக்கப்களில், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்தால் இப்படித்தான் நடுங்கும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, அடியில் படுத்து ஷாஃப்ட்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஷாஃப்ட்டின் மூட்டுகளான கிராஸ்களில் துளி ஆட்டமும் இருக்கக் கூடாது. இது பெரிய செலவல்ல, பேரத்துக்குப் பயன்படுத்துங்கள்.

அதே நேரத்தில் அச்சின் நடுவே பற்சக்கரங்கள் உள்ள டிஃபரன்ஷியலையும் பாருங்கள். மிதிக்கும்போது ஒரு சுருதியிலும் காலை எடுக்கும்போது வேறு சுருதியிலும் ஊளையிட்டால் கிரவுன் வீல், பினியன் தேய்ந்திருக்கிறது. மிதிப்பதைப் பொருட்படுத்தாமல் ஒரே உறுமல், ஸ்டீயரிங்கை இடம் வலம் திருப்பினால் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது சாதாரணம். விரலில் குத்தும் துகள் இருந்தால் பல் உடைந்திருக்கிறது.

நான்கு சக்கர ஓட்டம் உள்ள வண்டியென்றால் மண் தரையில் 4ஹெச் (நான்கு சக்கரம், சாதாரண கியர்), 4எல் (நான்கு சக்கரம், தாழ்ந்த கியர்) இரண்டையும் போட்டு, மறுபடி 2ஹெச்-க்கு (இரண்டு சக்கர ஓட்டத்துக்கு) திரும்புகிறதா என்று சோதியுங்கள். காய்ந்த தார்ச் சாலையில் செய்யாதீர்கள்; முன்னும் பின்னும் இறுகி உள்ளே முறுக்கிக்கொள்ளும்.

கேள்வி: ஸ்கேனரில் எந்தக் கோளாறுக் குறியீடும் இல்லை. டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டியும் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். போதுமா?

பதில்: குறியீடுகளை அன்று காலையில் அழித்திருக்கலாம். அதே ஸ்கேனரில் "குறியீடு அழித்த பின் ஓடிய தூரம்" என்ற பதிவு பல வண்டிகளில் கிடைக்கும். அது 12 கி.மீ. என்று காட்டினால் அன்றைய சோதனைக்கு மதிப்பில்லை. சாவியைத் திருப்பியதும் எஞ்சின், ஏர்பேக், ஏ.பி.எஸ். விளக்குகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கைத் துண்டித்திருக்கிறார்கள்.

டி.பி.எஃப். சரியாக வேலை செய்யும் வண்டியின் புகைக்குழாய் உட்புறம் ஏறக்குறைய சுத்தமாக இருக்கும். விரலை விட்டால் கரி அப்பிக்கொண்டு வந்தால் வடிகட்டி விரிசல் விட்டிருக்கும் அல்லது உள்ளிருப்பதை எடுத்துவிட்டு மென்பொருளை மாற்றியிருப்பார்கள். எடுத்த வண்டி பல நாடுகளில் சட்ட விரோதம். புகைச் சோதனையிலும் தேறாது. கேஜ் கம்பியில் ஆயில் உச்சக்கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்யும் சுழற்சி பாதியில் நின்றுகொண்டே இருந்தால் டீசல் ஆயிலில் சேரும். அந்தச் சுழற்சி கரியைத்தான் எரிக்கும், ஆயிலிலிருந்து வரும் சாம்பலை எரிக்காது. அதனால் இரண்டு லட்சம் கிலோமீட்டரில் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்யவோ மாற்றவோ நேரலாம்.

கேள்வி: வாங்கியாகிவிட்டது. முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: எதை எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத எல்லாவற்றையும் பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள். எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் பின் டிஃபரன்ஷியல் ஆயில்கள். பெல்ட் உள்ள எஞ்சினானால் அது முதலில். 3.0 லிட்டர் டீசலுக்கு 7 லிட்டர் அளவில் எஞ்சின் ஆயில் போகும், துல்லியமான அளவைக் கையேட்டில் பாருங்கள். டி.பி.எஃப். உள்ள வண்டிக்குக் குறைந்த சாம்பல் தரும் ரக ஆயில் கட்டாயம். எஞ்சினைக் கழுவும் ஃப்ளஷ் ரசாயனம் வேண்டாம். பழைய கசடு பெயர்ந்து ஸ்ட்ரெய்னரை அடைக்கும்.

பழைய ஆயிலை வடிக்கும்போது, நடுவில் வரும் ஓட்டத்திலிருந்து 100 மி.லி. சுத்தமான பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சிலிக்கன் அதிகமாக இருந்தால் தூசி உள்ளே போகிறது. சோடியம், பொட்டாசியம் இருந்தால் கூலன்ட். இரும்பு, செம்பு ஏறியிருந்தால் சிலிண்டர், பேரிங் தேய்மானம். வாங்குவதற்கு முன்பே விற்பவர் சம்மதித்தால் இன்னும் நல்லது.

டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களையும் படியுங்கள். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். பட்டன் மிச்சம் இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரில் முழுப் பாரம் ஏற்றி நீண்ட தூரம் போக வேண்டாம். முதல் ஆயிலை 5,000 கி.மீ.யிலேயே மாற்றி, கழற்றிய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். மினுக்கும் துகள் ஏதும் இல்லையென்றால் அடுத்ததைக் கையேட்டில் சொன்ன இடைவெளிக்கு நீட்டலாம்.